மறு: ‘செமி ஆட்டோமேட்டிக்’, ‘ஸ்போர்ட்டிங் பர்ப்பஸ்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கத் துப்பாக்கி இறக்குமதி விதிகளைப் பற்றிக் கட்டுரை எழுதும் தோழி ‘செமி ஆட்டோமேட்டிக்’, ‘ஸ்போர்ட்டிங் பர்ப்பஸ்’ என்ற இரண்டுக்கும் தமிழ்ச் சொற்கள் கேட்டிருந்தார். முதல் சொல்லுக்கு ‘அரைத் தானியங்கி’ போதும் என்று பலரும் எழுதிவிட்டீர்கள். செய்தித்தாள்களிலும் அதுதான் வருகிறது. எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை.

இந்தத் துப்பாக்கியில் எது அரை? ஒரு தோட்டா வெடித்ததும் அதன் ஆற்றலில் ஒரு பங்கு காலிக் கூட்டை வெளியே தள்ளுகிறது, அடுத்த தோட்டாவை உள்ளே ஏற்றுகிறது, மறுபடி சுடத் தயாராக நிறுத்துகிறது. இவ்வளவும் முழுக்கத் தானாகவே நடக்கிறது. சுடுகிறவருக்கு மிச்சம் இருப்பது ஒவ்வொரு முறையும் விசையை இழுப்பது மட்டும். அமெரிக்கச் சட்டத்தின் வரையறையும் இந்த இரண்டைத்தான் சொல்கிறது: வெடிப்பின் ஆற்றலால் அடுத்த தோட்டா ஏறவேண்டும், ஒவ்வொரு தோட்டாவுக்கும் தனித்தனியாக விசை இழுக்கப்படவேண்டும். ‘அரை’ என்றதும் வேகத்திலோ வலிமையிலோ பாதி என்று வாசகர் எடுத்துக்கொள்வார். அது தவறான செய்தியாகிவிடும்.

பிரிட்டனில் ஹங்கர்ஃபோர்டு என்ற ஊரில் நடந்த துப்பாக்கிச்சூட்டுப் படுகொலைக்குப் பிறகு 1988-இல் வந்த திருத்தச் சட்டம் இதையே ‘செல்ஃப் லோடிங்’, அதாவது தானே ஏற்றிக்கொள்வது, என்கிறது. நமக்கும் அது புதிதல்ல. போலீஸ்காரர் தோளில் தொங்கிய ‘எஸ்.எல்.ஆர்.’ (செல்ஃப் லோடிங் ரைஃபிள்) என்ற மூன்றெழுத்தில் முதல் இரண்டும் அதுதான். எனவே தானியங்கி போலவே ‘தானேற்றி’ என்று சொல்வோம்: தானேற்றித் துப்பாக்கி. இயந்திரத் துப்பாக்கியும் தானாகத்தானே ஏற்றிக்கொள்கிறது என்று ஐயா ஒருவர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. அதற்குத் ‘தொடர்சுடு துப்பாக்கி’ இருக்கட்டும். ஒரே முறை விசையை இழுத்தால் ஒன்றுக்கு மேல் சுடுவது என்று அமெரிக்காவின் 1934-ஆம் ஆண்டுச் சட்டம் அதைப் பிரிக்கிறது. சட்ட வரியை அப்படியே பெயர்க்கும் இடத்தில் மட்டும் ‘ஒற்றைச்சுடு தானேற்றி’ என்று நீட்டிக்கொள்ளலாம்.

சரி, இரண்டாவது சொல். இதுதான் என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை.

1968-ஆம் ஆண்டு துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, வெளிநாட்டுத் துப்பாக்கி பொதுமக்களின் விற்பனைக்காக உள்ளே வரவேண்டுமானால் அது ‘ஸ்போர்ட்டிங் பர்ப்பஸ்’ உடையதாக இருக்கவேண்டும். அதற்குக் குறிப்பாக ஏற்றது, அல்லது எளிதில் மாற்றிக்கொள்ளத்தக்கது என்று பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்டதாக இருக்கவேண்டும். இதை ‘விளையாட்டு நோக்கம்’ என்று எழுதிப் பாருங்கள். அடுத்த வரியிலேயே ‘விளையாட்டுத் துப்பாக்கி’ வந்து நிற்கும். தமிழில் அது திருவிழாக் கடையில் குழந்தைக்கு வாங்கித் தரும் பொம்மை.

இந்த விதி ஏன் இறுகியது என்று நினைத்தால் அந்தச் சொல் இன்னும் உறுத்துகிறது. 1989 ஜனவரி 17 அன்று கலிஃபோர்னியாவின் ஸ்டாக்டன் நகரில் ஒரு தொடக்கப் பள்ளியின் விளையாட்டுத் திடலில் ஐந்து குழந்தைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கம்போடிய, வியட்நாமிய அகதிக் குடும்பங்களின் பிள்ளைகள். சுட்டவன் கையில் இருந்தது சீனாவிலிருந்து இறக்குமதியான ஏ.கே. வகைத் தானேற்றி. இரண்டு மாதத்தில் அவ்வகை இறக்குமதிகள் நிறுத்திவைக்கப்பட்டன. ஜூலையில் வந்த ஏ.டி.எஃப். (துப்பாக்கி விதிகளைச் செயல்படுத்தும் அமெரிக்க அரசு அமைப்பு) அறிக்கை 43 மாடல்களுக்குக் கதவை மூடியது. அந்தப் பிள்ளைகளைப் பற்றி எழுதும் பத்தியில் ‘விளையாட்டுத் துப்பாக்கி’ என்று எழுத என் கை வராது.

அந்த அறிக்கை இச்சொல்லைக் குறுக்கிப் படித்தது என்பதையும் கவனிக்கவேண்டும். வேட்டை சேரும், முறையாக நடத்தப்படும் சுடுபோட்டி சேரும். தகர டப்பாவை வரிசையாக வைத்துச் சும்மா சுட்டுப் பார்ப்பது பொழுதுபோக்கு, அது சேராது என்றது. பிறகு கழற்றி மாட்டும் மேகசின் (தோட்டாக்களை அடுக்கிவைக்கும் பெட்டி), மடங்கும் பின்கட்டை (தோளில் ஊன்றும் பகுதி), கீழே தனியாக இறங்கும் கைப்பிடி, பயனெட் என்ற முனைக்கத்தி மாட்டும் கொக்கி, கையெறிகுண்டு செலுத்தி என்று படைக்கருவியின் அடையாளங்களைப் பார்த்து வகைப்படுத்தியது.

அம்மா ஒருவர் ‘வேட்டைப் பயன்’ என்று தந்திருந்தார். அழகான சொல், ஆனால் போட்டி வெளியே போய்விடுகிறது. ‘வேட்டை, போட்டிப் பயன்’ என்றால் ஏ.டி.எஃப்.பின் விளக்கத்துக்கு அச்சாகப் பொருந்தும். முதலில் அதையே எழுதிவைத்திருந்தேன். பிறகு அடித்துவிட்டேன். சட்டம் அவ்வளவு குறுக்கிச் சொல்லவில்லை. குறுக்கியது அதிகாரிகள், அது சரியா என்பதுதான் அங்கே சர்ச்சை. மொழிபெயர்ப்பவர் சொல்லிலேயே தீர்ப்பை எழுதிவிடக்கூடாது. ஆகவே சட்டச் சொல்லுக்கு ‘வேட்டை-விளையாட்டுப் பயன்’ என்கிறேன். முன்னால் வேட்டை நிற்பதால் பொம்மை ஓடிவிடும், விளையாட்டு என்ற அகலமும் கெடாது. அறிக்கையின் குறுகிய பொருளைச் சொல்லும்போது ‘வேட்டையும் முறையான சுடுபோட்டியும்’ என்று விரித்து எழுதிவிடலாம்.

தோழியின் வரைவில் ‘தடைசெய்யப்பட்ட துப்பாக்கிகள்’ என்று இருந்தது. அதையும் மாற்றவேண்டும். 1968 சட்டத்தின் இந்தப் பிரிவு எல்லை தாண்டி வருவதை மட்டுமே பார்க்கிறது. அதே அமைப்புள்ள துப்பாக்கியை அமெரிக்காவுக்குள்ளேயே செய்து விற்றால் இந்தச் சோதனை கிடையாது. ‘இறக்குமதித் தகுதியற்ற’ என்பதே நேர்மையான சொல். வெளிநாட்டு உறுப்புகளைக் கொண்டுவந்து உள்ளே பூட்டிக்கொள்ளும் வழியை அடைக்கவும் 1990-இல் சட்டம் வந்தது. பட்டியலிட்ட 20 உறுப்புகளில் 10-க்கு மேல் இறக்குமதியானவை இருக்கக்கூடாது என்று அதற்கு விதி வகுத்தார்கள்.

அப்புறம், ‘தம்ப்ஹோல் ஸ்டாக்’ பற்றி யாரும் எழுதவில்லை. 1989-க்குப் பின் தனிக் கைப்பிடி ஆகாது என்றதும், பின்கட்டையிலேயே பெருவிரல் நுழைய ஒரு துளை போட்டு, பயனெட் கொக்கியை எடுத்துவிட்டு, அதே ஏ.கே. வகையை ‘மேக் 90’ என்ற பெயரில் கொண்டுவந்தார்கள். ஏப்ரல் 1998-இல் கருவூலத் துறையின் ஆய்வு இப்படி மாற்றிக் கொண்டுவரும் வழிக்கும் முற்றுப்புள்ளி வைத்தது. படைத் துப்பாக்கிக்கென்று செய்த, 10 தோட்டாவுக்கு மேல் கொள்ளும் மேகசினை ஏற்கும் எதுவும் ஆகாது என்றது. இந்தக் கட்டைக்கு ‘விரல்துளைக் கட்டை’ என்று வைத்திருக்கிறேன். தச்சு வேலை தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் திருத்துங்கள்.

மேகசினுக்கு மட்டும் எனக்குச் சொல் அமையவில்லை. ‘குண்டுப் பேழை’ எனக்குப் பிடிக்கவில்லை. உள்ளே இருப்பது குண்டு மட்டுமல்ல, கூடும் மருந்தும் சேர்ந்த முழுத் தோட்டா. ‘தோட்டாக்கூடு’ என்றால் காலிக் கூட்டோடு குழம்பும். ‘தோட்டாச் செருகி’ வரை வந்து நிற்கிறேன். அதைவிட நல்லது தோன்றினால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள், தோழி அன்று வரைவை அனுப்பவேண்டுமாம்.