தூக்கத்தில் மட்டும் இறங்கும் சாச்சுரேஷன் (ரத்த ஆக்ஸிஜன் அளவு): சி.எஃப். பிள்ளைகள் உள்ள வீடுகளில் நடந்தது

அல்சூர் அம்மா:
சி.எஃப். (சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ், நுரையீரலில் கெட்டிச் சளி அடைக்கும் பரம்பரை நோய்) பற்றி இங்கே எல்லாருக்கும் தெரியும், முன்கதை வேண்டாம். பையனுக்கு 9 வயது. போன புதன்கிழமை கிளினிக்கில் சாச்சுரேஷன் 96 சதவீதம். "நல்லா இருக்கான்" என்று அனுப்பிவிட்டார்கள். அன்று இரவு ஏனோ மனசு கேட்கவில்லை, விரலில் அதை அளக்கும் ஆக்ஸிமீட்டரை மாட்டிவிட்டுப் படுத்தேன். முன்னிரவு முழுக்க 93, 94. மூன்றரை மணிக்குப் போர்வையைத் தூக்கிப் பார்த்தால் 86. அப்புறம் 85. இருமலும் இல்லை, திணறலும் இல்லை, அசையாமல் தூங்குகிறான். அதுதான் வயிற்றைக் கலக்கியது. தட்டி எழுப்பினேன். "ஸ்கூலுக்கு லேட் ஆயிடுச்சாம்மா?" என்றான். நாலு மூச்சு இழுத்ததும் 94. திரும்பத் தூங்கவிடப் பயந்து, பால்காரர் வரும்வரை பேச்சுக் கொடுத்தே உட்கார வைத்திருந்தேன். செய்தது சரியா?

ஸ்ரீராமபுரம் அப்பா:
மகளோடு ஊட்டி போனபோது எங்களுக்கும் இதே கதை. பெங்களூரு 900 மீட்டர் உயரம், ஊட்டி 2,240. இரவு 82 பார்த்ததும் அறையைக் காலி செய்து மலையிறங்கிவிட்டோம். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் விரலை என் பக்கம் நீட்டிக்கொண்டே வந்தாள்.

ஆனால் உங்கள் 85-ஐ நான் அப்படியே நம்ப மாட்டேன். விரல் சில்லிட்டாலும் கிளிப் நழுவினாலும் எண் தாறுமாறாகும். திரையில் நாடித்துடிப்பின் அலைக்கோடு சீராக இருந்ததா? ஒட்டும் சென்சாராக வாங்கிக் கால் கட்டைவிரலில் ஒட்டி மேலே சாக்ஸ் போடுங்கள். இரவு முழுக்கப் பதிவாகும் கருவியாக இருக்கட்டும். 90-க்குக் கீழே மொத்தம் எத்தனை நிமிடம் என்பதுதான் கணக்கு. விடியற்காலையைக் கவனியுங்கள். கனவு வரும் தூக்கம் அப்போதுதான் அதிகம்; விலாத் தசைகள் தளர்ந்து உதரவிதானம் மட்டும்தான் இழுக்கும், சளி அடைத்த மூலைகளுக்குக் காற்று போகாது. குறட்டை உண்டா? மூக்கில் பாலிப் (சதை வளர்ச்சி), மூக்குக்குப் பின்னால் அடினாய்டு வீக்கம் பார்த்தீர்களா? படுக்கும் முன் நெபுலைசரில் மருந்தை ஆவியாக இழுக்க வைத்து, நெஞ்சுக்குப் பிசியோ செய்து சளியை எடுக்கிறீர்களா?

சிவாஜிநகர் சித்தி:
அண்ணா, எழுப்பியதும் 94 என்று எழுதியிருக்கிறாரே, படித்தீர்களா? கருவிமேல் பழி போட்டே நாங்கள் ஒரு மழைக்காலத்தை ஓட்டினோம். அப்புறம் பயந்துபோய், யாரையும் கேட்காமல் ஆக்ஸிஜன் கொடுக்கும் கான்சென்ட்ரேட்டர் இயந்திரத்தை வாடகைக்கு எடுத்து நானே நிமிடத்துக்கு 3 லிட்டர் வைத்தேன். எண் 97. எனக்கு ஒரே நிம்மதி. காலையில் அக்கா மகன் குளியலறைச் சுவரில் நெற்றியை அழுத்திக்கொண்டு நின்றான். சுவர் சில்லென்று இருக்கிறதாம், தலைவலிக்கு இதமாம். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் கார்பன் டை ஆக்சைடு ஏறியிருந்தது. ஆக்ஸிமீட்டர் அதைக் காட்டவே காட்டாது. கடைசியில் அவனுக்குத் தேவைப்பட்டது மூச்சைத் தள்ளிக்கொடுக்கும் மாஸ்க் இயந்திரம். அந்தச் சுவர் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

ஸ்ரீராமபுரம் அப்பா:
படித்தேன் அம்மா. எழுந்ததும் கையை அசைத்திருப்பான், கிளிப்பும் நேராகியிருக்கும். அதைத்தான் சொல்கிறேன்.

அல்சூர் அம்மா:
சண்டை வேண்டாம். நேற்று கால் விரலில் ஒட்டிச் சாக்ஸும் போட்டேன். 3:50-க்கு 87, அலை ஒழுங்காகத்தான் ஓடியது. இந்த முறை எழுப்பவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன், தானாக 92-க்கு ஏறியது. பதிவை எடுத்துக்கொண்டு நாளைக்கே கிளினிக் போகிறேன், ரத்தப் பரிசோதனையும் கேட்கப்போகிறேன். சாக்ஸ் ஏன் என்று பையன் கேட்டான், குளிர் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.