நாகப்பட்டினத்துல பழைய வீடு: பேங்க்ல சி.ஆர்.இசட் கேக்குறாங்க, சீலிங்ல கம்பி வேற தெரியுது, வாங்கலாமா?

திருப்பூர்_மருமகன்:

வணக்கம். நாகை, காரைக்கால் பக்கம் வீடு வாங்கினவங்க, கட்டினவங்க யாராவது இருந்தா கொஞ்சம் வழி சொல்லுங்க. மாமியாருக்கு சொந்த ஊர் நாகை. மாமனார் ரிட்டயர்ட் ஆனதுலேருந்து இனிமே ஊர்ப்பக்கம்தான் இருக்கணும்னு ரெண்டு பேரும் ஒரே பிடிவாதம். டவுனுக்கு தெக்கு ஓரத்துல கடுவையாத்துக்குப் பக்கமா ஒரு வீடு வந்திருக்கு, 1800 சதுர அடி மனை, கீழ ரெண்டு பெட்ரூம், மாடியில ஒரு ரூம், 1998ல கட்டினது. பட்டா விக்கிறவர் பேர்லயே இருக்கு, வில்லங்கம் 30 வருஷத்துக்குப் போட்டாச்சு, ஒரே ஒரு அடமானம்தான், அதுவும் தீர்ந்து ரசீது பதிவாகியிருக்கு.

பிரச்சனை என்னன்னா, லோனுக்குப் போன எடத்துல பேங்க் வக்கீல் இந்த மனை சி.ஆர்.இசட்ல (கட்டடம் கட்டக் கட்டுப்பாடு இருக்கிற கடலோர ஒழுங்குமுறை மண்டலம்) வருதா இல்லையான்னு எழுத்துல கொண்டாங்க, கட்டட அனுமதி பிளானும் வேணும்னு நிறுத்தி வச்சுட்டார். விக்கிறவர், புரோக்கர் ரெண்டு பேருமே கடல் ஒரு கிலோமீட்டருக்கு மேல தள்ளி இருக்கு, அந்த ரூலே நமக்குக் கிடையாதுன்னு சொல்றாங்க. அடுத்தது ஹால் சீலிங்ல காரை பெயர்ந்து கம்பி சிவப்பா தெரியுது, கேட்டா உப்புக்காத்து ஊர்ல எல்லா வீடும் இப்படித்தான், பூசி பெயிண்ட் அடிச்சா போதும்ங்கிறார். மூணாவது, வீட்டுக்குப் பின்னாடி ஆத்துப் பக்கம் வேலி போட்டு தென்னை வச்ச ஒரு துண்டு நிலம் இருக்கு, ரொம்ப வருஷமா அனுபவத்துல இருக்கு அதையும் சேர்த்து எடுத்துக்குங்கன்னு அதுக்குத் தனியா ஒரு தொகை கேக்குறார். வர்ற வெள்ளிக்கிழமை அட்வான்ஸ் குடுக்கணும்னு அவசரப்படுத்துறாங்க. என்ன செய்யலாம்?

கடைமடை_நிலஅளவை:

தம்பி, வெள்ளிக்கிழமை அட்வான்ஸ் வேண்டாம், அதை முதல்ல தள்ளிப் போடுங்க. கடல் தூரம்னு சொல்றது பாதி விஷயம்தான். சி.ஆர்.இசட் கடலுக்கு மட்டும் இல்ல, கடலோட ஏத்தம் வத்தம் உள்ள வந்து போற ஆத்துக்கும் உண்டு. கோடை உச்சத்துல ஆத்துத் தண்ணியில லிட்டருக்கு 5 கிராம் அளவுக்கு உப்பு எதுவரைக்கும் ஏறுதோ அதுவரைக்கும் அது ஏத்தவத்த ஆறுன்னு கணக்கு. கடுவையாறு முகத்துவாரத்துக்குப் பக்கம் படகு நிக்கிற எடம், அங்க இதுல சந்தேகமே வேண்டாம். 2011 அறிவிக்கைப்படி கரையிலேருந்து 100 மீட்டர் இல்லன்னா ஆத்தோட அகலம், இதுல எது கம்மியோ அதுவரைக்கும் சி.ஆர்.இசட். 2019 அறிவிக்கையில அந்த 100 ஐ 50 ஆக்குனாங்க, ஆனா அது அந்தந்த மாவட்டத்துக்குப் புது வரைபடம் ஒப்புதல் ஆன பிறகுதான் செல்லும். கரைன்னா கண்ணுக்குத் தெரியிற தண்ணி ஓரம் இல்ல, வரைபடத்துல போட்டிருக்கிற உயர் ஓதக் கோடு, அதாவது ஏத்தத்துல தண்ணி அதிகபட்சம் ஏறுற கோடு. அதனால டேப் புடிச்சு அளந்து நீங்களே முடிவு பண்ண முடியாது, சர்வே நம்பரைக் குடுத்து கலெக்டர் தலைமையில இருக்கிற மாவட்ட கடலோர மண்டல மேலாண்மைக் குழுவுல எழுதிக் கேட்டு வாங்குங்க. பேங்க் கேக்குறதும் அந்தக் காகிதம்தான்.

சி.ஆர்.இசட்ல வந்தாலே வாங்கக்கூடாதுன்னு அர்த்தம் இல்ல. நகராட்சிக்குள்ள ஏற்கனவே வீடும் ரோடும் இருக்கிற பகுதிக்கு விதி வேற, ஊராட்சிக்கு வேற. ஆனா முதல் சி.ஆர்.இசட் அறிவிக்கையே 1991 பிப்ரவரியில வந்துடுச்சு, உங்க வீடு 1998. அப்போ முறையா அனுமதி வாங்கிக் கட்டினதான்னுதான் கேள்வி. அனுமதி இருந்தா பிற்பாடு இடிச்சுக் கட்டணும்னாலும் பேச ஒரு பிடி இருக்கும், இல்லன்னா அந்த நெலமே உங்களுக்குக் கையைக் கட்டின மாதிரி ஆயிடும். பிளான் நகல் பாத்தீங்களா?

அந்தத் தென்னந்துண்டு பத்தி, அதுக்குத் தனியா சர்வே நம்பர் சொல்றாரா? சொல்லலன்னா டவுன் சர்வே பதிவேடு நகல் எடுங்க, ஆன்லைன்லயே வரும்.

திருப்பூர்_மருமகன்:

ரொம்ப நன்றி சார். பின் காம்பவுண்டுலேருந்து தண்ணிக்கு நாப்பது அம்பது மீட்டர்தான் இருக்கும், ஆறு அதைவிட அகலமாத்தான் தெரியுது. பிளான் நகல் இன்னைக்குக் கேட்டு வாங்கினேன், நகராட்சி சீல் இருக்கு, ஆனா தரைத்தளம் மட்டும்தான் அதுல இருக்கு, மாடி ரூம் இல்ல. தென்னந்துண்டுக்கு நம்பர் கேட்டா "எல்லாம் நம்ம எடம்தான்"ங்கிறார்.

சைட்_இன்ஜினியர்_டெல்டா:

கம்பி விஷயத்தை நான் சொல்றேன் அண்ணா, பூசி பெயிண்ட் அடிச்சா போதும்னு சொல்றதை நம்பிடாதீங்க. கம்பி துரு புடிச்சா ஊதும், பழைய கன அளவை விட ரெண்டு மடங்குக்கு மேல போகும், அந்த ஊதல்தான் காரையைக் கீழ தள்ளுது. ஹால்ல விழுந்தது தெரிஞ்ச எடம், தெரியாத எடம் எவ்வளவுன்னு பாக்கணும். சின்ன சுத்தியல் எடுத்துட்டுப் போய் சீலிங் முழுக்க ஒரு அடிக்கு ஒரு தட்டு தட்டிப் பாருங்க, நல்ல எடத்துல கிண்ணுன்னு கேக்கும், விட்டுப்போன எடத்துல பொத்துன்னு கேக்கும், அதை சாக்பீஸால வட்டம் போட்டுக்கிட்டே வாங்க. பாத்ரூம் சீலிங், சன்ஷேடு, மாடிப்படி அடிப்பக்கம், பீம் ஓரம் இதையெல்லாம் விட்டுடாதீங்க, தூண்ல நெட்டுக்குத்தா விரிசல் இருந்தா அது கம்பி போற கோட்டுலயான்னு பாருங்க.

ரெண்டு காரணம் இருக்கும். ஒன்னு உப்புக்காத்து வெளியிலேருந்து உள்ள இறங்குறது, இது மெதுவா வரும். இன்னொன்னு கான்கிரீட் கலக்கும்போதே உவர்த்தண்ணி ஊத்தினது. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு ஊத்துற தண்ணியில குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல இருக்கக்கூடாதுன்னு கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ் 456 சொல்லுது, அந்தப் பக்கம் பல போர் தண்ணி அதைத் தாண்டும். உள்ளயே உப்பு இருந்தா ஒட்டுப் போட்ட எடம் நல்லா இருக்கும், அதுக்குப் பக்கத்து எடம் புதுசா துரு புடிக்கும், நாலஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை இதே வேலைதான். அதனால சிலாபுல ரெண்டு மூணு எடத்துல டிரில் போட்டு தூள் எடுத்து லேப்ல குளோரைடு டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க, இன்ஜினியரிங் காலேஜ் லேப்லயே பண்ணித் தருவாங்க. ரிப்போர்ட் மோசமா வந்தா அந்த வீட்டுக்கு விலை கிடையாது, மனைக்கு மட்டும்தான் விலை பேசணும், அதுலயும் இடிக்கிற செலவைக் கழிச்சுட்டு.

நாகூர்க்காரி:

தம்பி, காகிதம் இன்ஜினியர் எல்லாம் அவங்க சொல்லிட்டாங்க, நான் இங்கயே இருக்கிறவ, இருந்து பாத்தா எப்படி இருக்கும்னு சொல்றேன். குடிக்கிற தண்ணி கொள்ளிடத்துத் தண்ணி குழாய்ல வருது, அது வர்ற அன்னைக்குப் புடிச்சு வைக்க பெரிய சம்ப் வேணும், போர் தண்ணி தொவைக்கவே சோப்பு நுரைக்காது. கேட்டு, கிரில், ஏசியோட வெளிப்பெட்டி எல்லாம் உங்க ஊர்ல இருக்கிற வயசுல பாதிகூட இருக்காது. வயசானவங்க வர்றாங்கன்னு சொல்றீங்க, அரசு மெடிக்கல் காலேஜ் ஒரத்தூர்ல இருக்கு, டவுனுக்கு வெளியில, ராத்திரி ஆட்டோ கிடைக்குமான்னு அந்தத் தெருவுலயே விசாரிங்க.

முக்கியமா ஐப்பசி கார்த்திகையில அந்தத் தெரு எப்படி இருக்குதுன்னு பாக்காம பணத்தைக் கட்டாதீங்க. மழைத்தண்ணி வாய்க்கால் வழியா ஆத்துக்குப் போகணும், ஆத்துல ஏத்தம் இருக்கிற நேரம் அது போகாது, தெருவுலயே நிக்கும். பக்கத்து வீட்டு செவுத்துல தண்ணி நின்ன கறை எவ்வளவு உசரத்துக்கு இருக்குதுன்னு பாருங்க, புரோக்கர் சொல்லாததை அது சொல்லும். 2018 நவம்பர்ல கஜா அடிச்சப்போ ஓடு, ஷீட் போட்ட மாடி ரூமெல்லாம் பறந்துச்சு. 2004ல கடல் ஆத்து வழியாவும் ஏறிச்சு, கீச்சாங்குப்பம், அக்கரைப்பேட்டை ஜனங்க பட்டதைக் கண்ணால பாத்தவங்க உங்க மாமியார் தெருவுலயே இருப்பாங்க, அவங்ககிட்ட உக்காந்து கேளுங்க.

இவ்வளவும் பயமுறுத்த சொல்லல தம்பி. சாயங்காலம் நாலு மணிக்கு மேல வர்ற காத்துக்கும், கரைக்கு வந்த மீனைக் கையோட வாங்கி ஆக்குறதுக்கும் இந்த ஊரை விட்டு என்னால போக முடியாது. உங்க மாமியார் ஆசைப்படுறது நியாயம்தான். ஆத்தோரத்துல இல்லாம வெளிப்பாளையம் பக்கம் பாருங்க, இல்ல ஒரு மழைக்காலம் வாடகைக்கு இருக்க வச்சுப் பாருங்க.

கடைமடை_நிலஅளவை:

அக்கா சொன்ன வாடகை யோசனை நல்ல யோசனை. வேற எடம் தேடும்போது இன்னும் ரெண்டு விஷயம் பாத்துக்குங்க தம்பி. நாகையில கோயில் மனை, தர்கா மனை நிறைய, மேல வீடு ஒருத்தர்து, அடிமனை கோயிலோடதா இருக்கும், அந்த மனையை வித்தா பத்திரப்பதிவு பதிவுச் சட்டம் 22ஏ பிரிவுல தடுக்கப்படும். பட்டா, வில்லங்கத்தோட நிக்காம டவுன் சர்வே பதிவேட்டுல அடிமனை யார் பேர்ல இருக்குன்னு படிங்க. அடுத்தது மீனவர் குப்பங்களுக்குப் பக்கத்துல கடலோர மனை சல்லிசா வந்தா ஜாக்கிரதை. சுனாமிக்கு அப்புறம் 2005 அரசாணைப்படி புது வீடு வாங்கினவங்க பழைய மனையையும் வீட்டையும் அரசாங்கத்துக்கு எழுதிக் குடுத்திருக்கணும். அப்படி எழுதிக் குடுத்த மனையைப் பழைய பத்திரத்தை மட்டும் காட்டி யாராவது விக்க வந்தா மாட்டிக்குவீங்க.

திருப்பூர்_மருமகன்:

அப்டேட் சொல்றேன், ஒருத்தருக்காவது உதவும். பதிவேடு நகல் எடுத்துட்டோம், தென்னந்துண்டு முழுசும் ஆற்றுப் புறம்போக்கு, அதோட நம்ம பின் காம்பவுண்டே கொஞ்சம் அதுக்குள்ள போயிருக்கு. சுத்தியல் வச்சு தட்டிப் பாத்ததுல ஹால் சீலிங் பாதிக்கு மேல பொத்துன்னுதான் கேக்குது, சமையலறை பீம்லயும் அதே சத்தம். டெஸ்டுக்கு தூள் எடுக்கணும்னு கேட்டதுக்கு விக்கிறவர் சம்மதிக்கல, அதோட நாங்க பேச்சை நிறுத்திட்டோம். மாமியாருக்கு முகம் வாடிப்போச்சு, ஆனா பக்கத்து வீட்டம்மாவே எங்களைக் கூப்பிட்டு செவுத்துக் கறையைக் காட்டி, மழையில கட்டிலை செங்கல் வச்சு தூக்கிப் போட்டதைச் சொன்னதும் அவங்களே வேண்டாம்னுட்டாங்க. இப்போ வெளிப்பாளையத்துல வாடகைக்கு ரெண்டு வீடு பாத்திருக்கோம், ஐப்பசிக்குள்ள குடி வச்சிடுவோம், தை பொறந்ததும் மறுபடி தேடலாம்னு இருக்கோம். வாடகை வீட்டுல முன்கூட்டியே என்ன பாக்கணும்?

நாகூர்க்காரி:

சம்ப் எத்தனை லிட்டர், குழாய்த் தண்ணி எந்த நேரம் வருது, தெருவை விட வீட்டு வாசல் எவ்வளவு உசரம், இந்த மூணையும் கேளுங்க தம்பி. இன்வெர்ட்டர் வச்சுக்க வீட்டுக்காரர் விடுவாரான்னு கேளுங்க, புயல் நேரத்துல ஃபேன் இல்லாம பெரியவங்களால தாங்க முடியாது. தை மாசம் தேட ஆரம்பிக்கும்போது இங்கயே எழுதுங்க, நாங்களும் விசாரிச்சு சொல்றோம்.