ஆண்கள் கல்லூரிக் கூடைப்பந்து: இன்னும் எதற்கு இரண்டு பாதி?

ராலே ராஜன்:
2025 கோடையில் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ.வில் ஆண்கள் கூடைப்பந்துக்குச் சில விதிகளை மாற்றினார்கள். பயிற்சியாளர் நடுவர் தீர்ப்பை எதிர்த்து வீடியோ பார்க்கச் சொல்லலாம் என்பதுதான் அதில் பெரிய செய்தி. ஆனால் நான் காத்திருந்தது வேறு ஒன்றுக்கு. 20 நிமிடப் பாதிகள் இரண்டை விட்டுவிட்டு, 10 நிமிட குவார்ட்டர் (கால் பகுதி) நான்குக்கு மாறுவது. பேச்சு சாதகமாகத்தான் போகிறது என்றார்கள், அப்புறம் கான்ஃபரன்ஸ்கள் (கல்லூரி அணிகளின் குழுக்கள்) கூடி ஆராயட்டும் என்று தள்ளிவிட்டார்கள்.

என்.பி.ஏ.வில் குவார்ட்டர். உலகக் கூடைப்பந்தில் குவார்ட்டர். அதே கல்லூரியின் பெண்கள் அணிகூட 2015-16 முதல் குவார்ட்டரில்தான் ஆடுகிறது. ஆண்கள் மட்டும் ஏன் பிடிவாதம்?

பெயரை விடுங்கள், எனக்குப் பிரச்சினை ஃபவுல் (விதிமீறித் தடுப்பது) கணக்கு. ஒரு பாதியில் அணியின் ஏழாவது ஃபவுலிலிருந்து எதிரணிக்கு ‘ஒன் அண்ட் ஒன்’: முதல் ஃப்ரீ த்ரோ (யாரும் தடுக்காமல் கோட்டில் நின்று எறியும் வீச்சு) விழுந்தால்தான் இரண்டாவது. பத்தாவதிலிருந்து நேராக இரண்டு. விசில் ஊதப் பிரியப்படும் நடுவர் கிடைத்துவிட்டால் எட்டு நிமிடத்தில் ஏழு ஃபவுல் வந்துவிடும். மீதிப் பன்னிரண்டு நிமிடமும் ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு ஊர்வலம்தான். குவார்ட்டர் வந்தால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கணக்கு பூஜ்யத்துக்குத் திரும்பும்.

நான்கு மூலை:
ராஜன் அண்ணா, கணக்கு என்றால் முழுசாகப் போடுவோம். இப்போது ஒரு பாதிக்கு ஆறு ஃபவுல் தண்டனையில்லாமல் போகும். ஆட்டத்துக்குப் பன்னிரண்டு. பெண்கள் முறையில் ஐந்தாவது ஃபவுலுக்குத்தான் இரண்டு ஃப்ரீ த்ரோ. அதாவது குவார்ட்டருக்கு நான்கு இலவசம், ஆட்டத்துக்குப் பதினாறு. முரட்டுத்தனமாகத் தடுக்கிறவனுக்கு நீங்கள் நான்கு ஃபவுல் கூடுதலாகப் பரிசு தருகிறீர்கள். 20 நிமிடமும் கையை அடக்கி ஆடிய அணிக்கு என்ன கிடைக்கும்?

அதோடு ‘ஒன் அண்ட் ஒன்’ செத்துப்போகும். ராலேயில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்ல உங்களுக்கு எப்படி மனசு வருகிறது? 1983 தேசியக் கல்லூரி இறுதி ஆட்டம். உங்கள் ஊர்க் கல்லூரி என்.சி. ஸ்டேட், எதிரே ஹூஸ்டன். 52-52. ஸ்டேட் பயிற்சியாளர் ஜிம் வல்வானோ வேண்டுமென்றே ஃபவுல் செய்யச் சொன்னார். ஹூஸ்டனின் முதலாமாண்டு மாணவர் ஆல்வின் ஃபிராங்க்ளின் கோட்டில் நின்றார், முதல் வீச்சே தவறியது. அதனால் இரண்டாவது கிடையாது. கடைசியில் ஸ்டேட்டின் விட்டன்பர்க் தூரத்திலிருந்து எறிந்தது வளையத்துக்கு எட்டாமல் போக, லோரன்சோ சார்ல்ஸ் அதைப் பிடித்து அப்படியே உள்ளே அடித்தார். 54-52. அந்த முதல் வீச்சில் இருந்த நெஞ்சிடியை நேராகத் தரும் இரண்டு ஃப்ரீ த்ரோ தருமா?

ராலே ராஜன்:
தம்பி, சார்ல்ஸ் அடித்தது ஒரு டங்க், வளையத்துக்கு மேலே எழும்பிப் பந்தை உள்ளே திணிப்பது. 1967-லிருந்து 1976 வரை கல்லூரி ஆட்டத்தில் டங்க் செய்யக் கூடாது என்று தடை இருந்தது. யூ.சி.எல்.ஏ. கல்லூரியில் லூ அல்சிண்டர் (பின்னாளில் கரீம் அப்துல் ஜப்பார்) ஆடத் தொடங்கியதும் கொண்டுவந்தது. யாரும் மாற்றாமல் விட்டிருந்தால் உங்கள் அற்புதக் கூடை செல்லாக் கூடை.

திருச்சி சென்டர்:
:) இதற்குப் பதில் வரட்டும்.

நான் மாவட்ட அளவில் ஆடியவன். உலகக் கூடைப்பந்து அமைப்பான ஃபிபா 2000-இல் 20 நிமிடப் பாதியை எடுத்துவிட்டு 10 நிமிட குவார்ட்டருக்குப் போனது, ஷாட் கிளாக்கும் (பந்தை வளையத்துக்கு எறிய ஓர் அணிக்குக் கிடைக்கும் நேரம்) 30 நொடியிலிருந்து 24 ஆனது. எங்கள் மைதானத்திலும் பெரியவர்கள் புலம்பினார்கள், ஆட்டம் துண்டு துண்டாகிவிடும் என்று. ஒன்றும் ஆகவில்லை. கடிகாரம் முடியும் நேரத்தில் எறியும் வீச்சு ஆட்டத்துக்கு இரண்டு இருந்தது, நான்கானது. பெஞ்சில் இருக்கும் பையனை எப்போது இறக்குவது என்று பயிற்சியாளருக்கும் தெளிவாகத் தெரிந்தது.

நான்கு மூலை:
ஃபிபா செய்தது என்பதற்காக எல்லோரும் செய்ய வேண்டுமா? கல்லூரி ஆட்டம் என்.பி.ஏ.வின் சின்ன நகலாகிக்கொண்டே போகிறது. ஷாட் கிளாக் 1985-86-இல் 45 நொடி, 1993-இல் 35, 2015-இல் 30. மூன்று புள்ளிக் கோடு 1986-இல் 19 அடி 9 அங்குலம், 2008-இல் ஓர் அடி பின்னால், 2019-இல் சர்வதேசத் தூரம். ஒவ்வொரு முறையும் இத்தோடு நிறுத்திக்கொள்வோம் என்ற பாவனை. உயரமான ஆள் இல்லாத சின்னக் கல்லூரி, பந்தைப் பிடித்து நிதானமாக ஆடித்தான் பெரிய அணியைக் கவிழ்க்கும். 1985-இல் வில்லனோவா ஜார்ஜ்டவுனை 66-64 என்று வீழ்த்தியது ஷாட் கிளாக் இல்லாத கடைசி டோர்னமென்டில். 28 முறை எறிந்து 22 போட்டார்கள். பொறுமைக்குக் கிடைத்த பலன்.

ராலே ராஜன்:
அந்தப் பொறுமையின் மறுபக்கத்தையும் சொல்லுங்கள். நீங்கள் வைத்திருக்கும் பெயரே வட கரோலினா பயிற்சியாளர் டீன் ஸ்மித்தின் ‘நான்கு மூலை’ ஆட்டத்திலிருந்து வந்தது, பந்தைக் கைமாற்றி நேரம் கடத்தும் உத்தி. 1982 ஏ.சி.சி. கான்ஃபரன்ஸ் இறுதி ஆட்டத்தில் வட கரோலினா பக்கம் ஜோர்டான், வொர்தி. வர்ஜீனியா பக்கம் ரால்ஃப் சாம்ப்சன். இத்தனை பேரை வைத்துக்கொண்டு கடைசி நிமிடங்களில் பந்தைச் சும்மா கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். 47-45. தொலைக்காட்சியில் நாடே பார்த்த ஆட்டம். அடுத்த பருவமே ஏ.சி.சி. ஷாட் கிளாக்கைச் சோதனைக்குக் கொண்டுவந்தது. ரசிகனைக் கொட்டாவி விடவைத்தது மரபு என்றால் அது எனக்கு வேண்டாம்.

பெஞ்ச் மீனா:
இருவரும் விதிப் புத்தகத்திலேயே நிற்கிறீர்கள். ஊதுகிறவர் கையில் இருக்கிறது பாதி. 2012-13-இல் ஓர் அணியின் சராசரி 67.5 புள்ளிக்கு இறங்கியது, அறுபது ஆண்டுகளில் அவ்வளவு குறைவு இல்லை. அடுத்த பருவம், பந்து வைத்திருப்பவர் மேல் கை வைத்தால் கட்டாயம் ஊத வேண்டும் என்றார்கள். 71-க்கு ஏறியது. அதற்கடுத்த ஆண்டு நடுவர்கள் தளர்ந்தார்கள், மறுபடி 67-க்கு வந்து நின்றது.

குவார்ட்டர் வராததற்குக் காரணம் விளம்பரம். ஒவ்வொரு பாதியிலும் 16, 12, 8, 4 நிமிடங்களுக்குக் கீழே கடிகாரம் வந்து ஆட்டம் நின்றதும் தொலைக்காட்சி இடைவேளை. எட்டு இடைவேளை, எல்லாம் விற்ற இடம். குவார்ட்டருக்கு மாறினால் அந்த அட்டவணையைப் புதிதாகப் பேச வேண்டும். விதிக் குழுவே இதைத் தடையாகச் சொல்லியிருக்கிறது.

நான்கு மூலை:
மீனா அக்கா, அதுவும் சரிதான். அப்படியென்றால் ஆட்டம் நிற்பதைக் குறைக்க வந்த அந்த வீடியோ சவாலையும் சொல்லுங்கள்.

பெஞ்ச் மீனா:
அதில் எனக்குப் பாதி திருப்தி. பந்து யார் மேல் பட்டு வெளியே போனது என்று நடுவர் தானாகத் திரையைப் பார்க்க முடியாது, பயிற்சியாளர்தான் கேட்க வேண்டும். கேட்க ஒரு டைம்-அவுட் (அணி கேட்டு வாங்கும் இடைநிறுத்தம்) மிச்சம் இருக்க வேண்டும். ஜெயித்தால் இன்னொரு வாய்ப்பு, தோற்றால் அவ்வளவுதான். முன்பு கடைசி இரண்டு நிமிடத்தில் விரல்நுனி பட்டதா என்று மூன்று நடுவர்கள் திரைமுன் குனிந்து நிற்பார்களே, அது குறையும். ஆனால் கோல்டெண்டிங்குக்கும் (வளையத்தை நோக்கி இறங்கும் பந்தைத் தடுப்பது), கூடைக்குக் கீழே இருக்கும் அரைவட்டக் கோட்டுக்குள் தடுப்பவர் நின்றாரா என்பதற்கும் கடைசி இரண்டு நிமிடத்தில் திரையைப் பார்ப்பது இன்னும் நடுவர் இஷ்டம்தான்.

திருச்சி சென்டர்:
நடுவழி ஒன்று உண்டு. 2017-இல் என்.ஐ.டி. என்ற கல்லூரிக் கூடைப்பந்து டோர்னமென்டில் பாதி பாதியாகவே ஆடினார்கள், ஆனால் 10 நிமிடத்தில் ஃபவுல் கணக்கை அழித்தார்கள், ஐந்தாவதிலிருந்து இரண்டு ஃப்ரீ த்ரோ. 2018-இல் குவார்ட்டரையே சோதித்தார்கள். முதல் வழியில் விளம்பர அட்டவணையைத் தொட வேண்டியதில்லை, ராஜனின் ஊர்வலமும் நிற்கும்.

ராலே ராஜன்:
எனக்குச் சம்மதம். நாளைக்கே வரட்டும்.

நான்கு மூலை:
அதுவும் குவார்ட்டர்தானே, இடைவேளை மணி மட்டும் இல்லை. கணக்கை அழியுங்கள், பொறுத்துக்கொள்கிறேன். ஆனால் ஐந்து, ஆறு, ஏழாவது ஃபவுலுக்கு ‘ஒன் அண்ட் ஒன்’, எட்டிலிருந்து இரண்டு. இதற்கு ஒப்புக்கொள்கிறவர் யார்?

திருச்சி சென்டர்:
நான் ஒப்புக்கொள்கிறேன். ராஜன் மாட்டார்.

ராலே ராஜன்:
மாட்டேன்.