ஸ்காவோடு பிற இசை கலக்கும்போது எது மிஞ்ச வேண்டும்?

கேள்வி:
வணக்கம். ஜமைக்காவில் பிறந்த நடன இசையான ஸ்காவின் 1960-களின் பதிவுகளையும், அதைப் பங்க் என்னும் வேகமான, முரட்டு ராக் இசையோடு கலந்த 1990-களின் அமெரிக்க ஸ்கா-பங்க் குழுக்களையும் மாறி மாறிக் கேட்டு வருகிறேன். பின்னவற்றில் பல்லவி தொடங்கியதுமே ஸ்கா காணாமல் போய்விடுவதாகத் தோன்றுகிறது. கலப்பு என்றாலே இப்படித்தானா, அல்லது சாயல் கெடாமல் கலந்தவர்களும் உண்டா?

பதில் 1:
ஸ்கா பிறப்பிலேயே கலப்பிசைதான். 1950-களின் இறுதியில் ஜமைக்கத் தலைநகர் கிங்ஸ்டனில் மென்டோ (ஜமைக்க நாட்டுப்புற இசை), கலிப்சோ (டிரினிடாட் இசை), ஜாஸ், அமெரிக்க ரிதம் அண்ட் புளூஸ் ஆகியவை சேர்ந்தே அது உருவானது. ஆகவே தூய ஸ்காவைத் தேடுவதில் பொருளில்லை. ஆயினும் அதற்கென்று ஒரு கட்டமைப்பு உண்டு. ஒவ்வோர் அடிக்கும் இடையில், ஆஃப்பீட்டில், கிதாரும் பியானோவும் நறுக்கென்று ஒலித்து உடனே அடங்க, பேஸ் கிதார் அடிக்கு ஒரு ஸ்வரமாக நடந்து செல்லும். ஸ்கா-பங்க் பாடல்களில் பெரும்பாலும் சரணத்தில் மட்டுமே கிதார் இப்படித் தெளிவாக வாசிக்கிறது; பல்லவியில் டிஸ்டார்ஷனை (ஒலியைக் கரகரப்பாக்கும் விளைவை) ஏற்றி, இடைவெளியே இல்லாமல் பவர் கார்டுகளை (இரண்டு ஸ்வரங்களை அழுத்தமாகச் சேர்த்து வாசிப்பவை) இழுக்கிறது. நீங்கள் குறிப்பிடும் மறைவு அங்கேதான் நிகழ்கிறது. 1987 முதல் 1989 வரை இயங்கிய ஆபரேஷன் ஐவி என்ற அமெரிக்கக் குழு வழிகாட்டிய இந்த உத்தியை, பின்வந்த பலர் வெறும் அச்சாகவே பயன்படுத்தினர் என்பது என் கருத்து.

பதில் 2:
இங்கிலாந்தின் 2 டோன் குழுக்களையும் கேட்டுப் பாருங்கள். 1979-இல் கவெண்ட்ரியில் ஜெர்ரி டாமர்ஸ் தொடங்கிய அந்த இசை நிறுவனம், கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து வாசித்த குழுக்களை முன்னிறுத்தியது. அவர்கள் பங்க்கிலிருந்து முக்கியமாக எடுத்துக்கொண்டவை வேகமும் கோபமுமே, ஆஃப்பீட்டைக் கைவிடவில்லை. வேலையின்மையால் பாழடைந்த நகரத்தைப் பற்றி டாமர்ஸின் குழுவான தி ஸ்பெஷல்ஸ் பாடிய 'கோஸ்ட் டவுன்' 1981-இல் பிரிட்டனில் முதலிடம் பிடித்தபோது அந்த வேகத்தையும் குறைத்துக்கொண்டார்கள், கோபத்தை அல்ல.

பதில் 3:
ஜாஸ் பக்கமும் செல்லலாம். ஜமைக்காவில் 1964-இல் அமைந்த ஸ்கேட்டலைட்ஸ் குழுவின் டான் டிரம்மண்ட், டாமி மெக்குக் போன்றோர் ஜாஸில் தேர்ந்தவர்கள் என்பதால், 1990-களில் நியூயார்க் ஸ்கா-ஜாஸ் என்செம்பிள் செய்தது புதுக் கலப்பு என்பதைவிடப் பழைய உறவின் தொடர்ச்சி என்றே சொல்ல வேண்டும். டோக்கியோ ஸ்கா பாரடைஸ் ஆர்கெஸ்ட்ராவிலும் பித்தளைக் கருவிகளே பாடலைச் சுமக்கின்றன. டிஸ்டார்ஷன் குறுக்கிடாததால் அங்கு ஆஃப்பீட் தெளிவாகக் கேட்கும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. பதில் 1-ஐ மனத்தில் வைத்துக் கேட்டபோது, பல்லவியிலும் சில குழுக்களின் டிராம்போன்கள் ஆஃப்பீட்டை விடாமல் பிடித்திருப்பதைக் கவனித்தேன். அத்தகைய பாடல்களை மட்டும் என் குறையிலிருந்து விலக்கிக்கொள்கிறேன்.