கோஸ்டாரிகாவில் ஒரு செமஸ்டர்: காட்டு ஆய்வா, கிராமத்துச் சேவையா?

நெய்தல்பெண்:

வணக்கம். அமெரிக்காவில் உயிரியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன், சொந்த ஊர் தூத்துக்குடி. அடுத்த வருடம் ஒரு செமஸ்டரை கோஸ்டாரிகாவில் படிக்கலாம் என்று எங்கள் கல்லூரியில் சொல்கிறார்கள். அதில் இரண்டு வகை. ஒன்றில் லா செல்வா, பாலோ வெர்டே, லாஸ் குருசெஸ் என்று ஆய்வு நிலையங்களில் மாறி மாறித் தங்கி காட்டில் வேலை, முடிவில் நாமே ஒரு சின்ன ஆய்வு செய்து அறிக்கை தர வேண்டும். இன்னொன்றில் ஒரு கிராமத்துக் குடும்பத்தோடு தங்கி பாதி வகுப்பு, பாதி சேவை: ஆமைக் கடற்கரை, மரக்கன்று நடுவது, பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுப்பது. சேவைக்கும் கிரெடிட் உண்டு. எனக்கு ஆமைகள் மேல்தான் ஆசை, ஆனால் மேற்படிப்புக்கு முதல் வகைதான் கைகொடுக்கும் என்கிறார்கள். அதைவிட உறுத்துவது, ஸ்பானிஷ் ஒரு வரி பேசத் தெரியாத நான் சில மாதம் போய் இருந்து அந்த ஊருக்கு என்ன செய்துவிட முடியும்? அம்மாவுக்குப் பாம்பு பயம் வேறு. போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

மழைக்காட்டுக்காரி:

தங்கச்சி, லா செல்வாவில் ஆய்வு உதவியாளராக வேலை பார்த்திருக்கிறேன், அதனால் அந்தப் பக்கத்தைச் சொல்கிறேன். அங்கே வருடத்துக்கு நான்கு மீட்டர் மழை. தூத்துக்குடியில் ஒரு வருடம் முழுக்கப் பெய்வதை இரண்டே மாதத்தில் பார்த்துவிடலாம். துணி காயாது, கேமரா லென்ஸில் பூஞ்சை பிடிக்கும், அது ஒரு பெரிய விஷயமில்லை. மரம் அளப்பதை மட்டும் சொல்கிறேன், அதிலேயே களப்பணி என்னவென்று புரிந்துவிடும். தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் டேப்பைச் சுற்ற வேண்டும். ஆனால் அங்கே பல பெரிய மரங்களுக்குப் பலகை வேர் ஆள் உயரத்துக்கு மேல் போகும், அப்போது ஏணி வைத்து ஏறி, வேர் முடிகிற இடத்துக்கும் மேலே அளந்து, போன முறை அளந்தவர் அடித்த பெயிண்ட் கோட்டிலேயே டேப் உட்கார்கிறதா என்று பார்க்க வேண்டும். கொடி சுற்றியிருந்தால் டேப்பை அதன் அடியில் நுழைக்க வேண்டும். டேப் லேசாகச் சாய்ந்தாலும் மரம் பருத்துவிட்டதாகக் காட்டும், பல மரங்கள் வருடத்துக்குச் சில மில்லிமீட்டர்தான் பருக்கும் என்பதால் உன் கை கோணல் மரத்தின் வளர்ச்சியையே விழுங்கிவிடும். பனாமாவில் பாரோ கொலராடோ தீவில் 50 ஹெக்டேர் காட்டில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் பருமன் உள்ள ஒவ்வொரு மரத்தையும் 1980களிலிருந்து இப்படித்தான் திரும்பத் திரும்ப அளக்கிறார்கள். நம் முதுமலையிலும் அதே 50 ஹெக்டேர், 1988லிருந்து. லா செல்வாவில் பழகிய கை நாளைக்கு நீ ஊருக்குத் திரும்பினாலும் உதவும். என் ஓட்டு முதல் வகைக்கு.

கடலோடி:

அக்கா சொன்னது சரி, ஆனால் சேவை என்றாலே போட்டோ எடுக்கிற வேலை என்று தள்ளிவிட வேண்டாம். பசிபிக் கரையில் இருக்கிற ஓஸ்தியோனால் கடற்கரையைப் பாருங்கள். பங்குனி ஆமைகள் அங்கே சில நாட்களுக்குள் ஆயிரக்கணக்கில் கரையேறும். முதல் இரவுகளில் இட்ட முட்டைகளை அடுத்து வருகிற ஆமைகளே தோண்டி நாசமாக்கிவிடும், அந்த அழுகலில் மற்ற கூடுகளும் கெடும். அதனால் ஆரம்பத்தில் இடுகிற முட்டைகளை ஊர்க்காரர்கள் எடுத்து விற்கலாம் என்று 1987லிருந்து சட்டப்படியே அனுமதி. பதிலுக்கு அவர்கள்தான் கரையைச் சுத்தம் செய்கிறார்கள், திருடர்களை விரட்டுகிறார்கள், குஞ்சுகள் கடலுக்குப் போகும்போது பறவைகளும் நாய்களும் நெருங்காமல் காவல் நிற்கிறார்கள். சென்னையில் மாணவர்கள் அதே ஆமையின் முட்டைகளைப் பொறுக்கி வேலிக்குள் புதைத்துப் பொரிக்க வைப்பதைப் பார்த்து வளர்ந்த எனக்கு, மூட்டை மூட்டையாக முட்டை விற்பனைக்குப் போவதைப் பார்க்க முதலில் நெஞ்சு பதறியது. ஊர்ப் பெரியவர்களோடு உட்கார்ந்து கேட்ட பிறகுதான் விளங்கியது. அந்தப் பாடத்தை ஆய்வு நிலையத்தில் யாரும் எனக்குக் கற்றுத் தந்திருக்க மாட்டார்கள்.

எதிர்ப் பக்கம், கரீபியன் கரையில் டொர்டுகுவேரோ. அங்கே பேராமைகளுக்கு அடையாளத் தகடு போடும் வேலை 1950களில் ஆர்ச்சி கார் என்ற அமெரிக்க ஆமை ஆய்வாளர் தொடங்கியது, இன்றும் நடக்கிறது. இரவு ரோந்தில் கறுப்பு உடை, வெள்ளை டார்ச் கூடவே கூடாது, ஆமை குழி தோண்டும்போது கிட்டே போகக் கூடாது, முட்டையிட்டு முடிந்த பிறகுதான் தகடு. நீங்கள் போனாலும் போகாவிட்டாலும் அந்த வேலை நடக்கும், அதனால்தான் அதில் சேரலாம் என்கிறேன். உங்களுக்காகவே உருவாக்கிய வேலை என்றால் யோசியுங்கள். மரக்கன்று நடுவதாகச் சொன்னால், யார் நிலம், எந்த மரம் வேண்டும் என்று யார் சொன்னது, போன வருடம் நட்டதில் எத்தனை உயிரோடு இருக்கிறது, நீங்கள் கிளம்பிய பிறகு களை எடுப்பது யார் என்று கல்லூரியிடம் கேளுங்கள். பதில் இல்லாத இடத்துக்குப் பணம் கட்டாதீர்கள். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துவது, ஸ்பானிஷ் வராதவருக்கு வேண்டவே வேண்டாம்.

முல்லைநிலம்:

இரண்டு பேரும் ஈரக் காட்டையும் கடலையும் சொல்லிவிட்டார்கள், நாட்டின் வடமேற்கில் இருக்கிற குவானகாஸ்தே வறண்ட காட்டையும் பாருங்கள். மழை இல்லாத மாதங்களில் இலையுதிர்த்து நிற்கும், பார்த்தால் நம் ஊர்க் காடு மாதிரியே இருக்கும். டேனியல் ஜான்சென், வின்னி ஹால்வாக்ஸ் என்ற அமெரிக்க உயிரியலாளர்கள் இருவரும் 1989லிருந்து அந்த ஊர் விவசாயிகள், கூலி வேலை பார்த்தவர்கள், வீட்டுப் பெண்கள் என்று ஆட்களைச் சேர்த்துப் பூச்சிகளை இனம் பிரிக்கப் பயிற்சி கொடுத்தார்கள். கம்பளிப்புழுவைப் பிடித்து, எந்தச் செடியில் இருந்தது என்று குறித்து, பையில் போட்டு அதே இலையைக் கொடுத்து வளர்த்து, வெளியே வருவது அந்துப்பூச்சியா அல்லது புழுவை உள்ளிருந்தே தின்று வளர்ந்த குளவியா என்று பார்க்கிற வேலை. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர்கள் அதில் உலகத் தரத்துக்கு வந்திருக்கிறார்கள். நெய்தல்பெண், "நான் என்ன செய்துவிட முடியும்" என்று கேட்டீர்களே, அப்படிப்பட்ட ஒருவருக்குக் கீழே கையாளாக வேலை செய்ய முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். அது கிடைக்கிற திட்டம் எதுவானாலும் போகலாம்.

நெய்தல்பெண்:

எல்லோருக்கும் நன்றி. மரக்கன்று பற்றிய கேள்விகளை நேற்றே கல்லூரிக்கு அனுப்பிவிட்டேன். ஆமை ரோந்து கிடைத்தால் இரண்டாவதுதான். அம்மாவுக்கு மட்டும் என்ன சொல்ல?

மழைக்காட்டுக்காரி:

சரி, ஆமை ஜெயித்தது, எனக்கும் சந்தோஷம்தான். அம்மாவிடம் உள்ளதை அப்படியே சொல். தெர்சியோபெலோ என்கிற விரியன் அங்கே உண்டு, ஆபத்தானதுதான், பெரும்பாலும் இரவில் நடமாடும். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் இல்லாமல் காட்டுப் பாதையில் கால் வைக்கக் கூடாது, இருட்டினால் டார்ச் இல்லாமல் நகரக் கூடாது, கைப்பிடியோ மரமோ பார்க்காமல் பிடிக்கக் கூடாது, ஏனென்றால் பாம்பைவிட அதிகமாகக் கண்ணில் படுவது புல்லட் எறும்பு. கொட்டினால் ஒரு நாள் முழுக்க வலிக்கும். விஷமுறிவு மருந்தை அந்த நாடே செய்கிறது, கோஸ்டாரிகா பல்கலைக்கழகத்தின் குளோடோமிரோ பிகாடோ நிறுவனத்தில், 1970லிருந்து. நீ தங்கப் போகிற ஊரிலிருந்து அது இருக்கிற மருத்துவமனைக்கு எவ்வளவு நேரம், ராத்திரியில் யார் வண்டி எடுப்பார்கள் என்று கிளம்பும் முன்பே எழுதி வாங்கு. கடற்கரை ரோந்துக்கு என்ன செருப்பு என்று அவர்களே சொல்வார்கள். ரப்பர் பூட்ஸை இங்கிருந்து சுமக்காதே, அங்கே சின்ன ஊர்க் கடையிலும் கிடைக்கும், பெரிய சைஸ்காரர்களுக்குத்தான் கஷ்டம்.