முள் விழுந்ததா, இறங்கியதா?

பழைய ஸ்பேனர் (சாட்ஸ்வர்த், டர்பன்):
கடற்காற்று என்பவர் நேற்று இந்தக் குழுவில் எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு கொதிக்கிறது. பைன்டவுன் தங்கை ஒருவர் கேட்டார்: ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்தில் வண்டி திடீரென்று அணைகிறது, பத்து நிமிடம் ஆறவிட்டால் மறுபடி ஸ்டார்ட் ஆகிறது, டீலர் 31,000 ரேண்ட் கேட்கிறார், என்ன செய்வது என்று. கடற்காற்று சொன்ன பதில்: 'என்ஜின் கம்ப்யூட்டர் போயிருக்கும், கேட்டதைக் கொடுங்கள், வெளி மெக்கானிக் தொட்டால் வாரன்டி போய்விடும்.' சூட்டில் அணைந்து, ஆறினால் ஓடுகிற வண்டிக்கு முதலில் பார்க்க வேண்டியது கிராங்க் சென்சார், அதாவது என்ஜின் தண்டு சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சென்சார். அணைந்த நொடியில் ஆர்பிஎம் முள் (என்ஜின் சுற்று வேகம் காட்டும் முள்) சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்ததா, மெதுவாக இறங்கியதா? இதைக் கேட்காமல் வைத்தியம் சொல்லலாமா?

கடற்காற்று (டர்பன் நார்த்):
டீலரிடம் ஸ்கேன் கருவி இருக்கிறது. உங்களிடம் ஒரு முள் இருக்கிறது. என் வண்டிக்கும் போன வருஷம் இதே தொல்லை. கம்ப்யூட்டர் மாற்றினார்கள், அதற்கப்புறம் ஒரு நாளும் நிற்கவில்லை.

பழைய ஸ்பேனர்:
ஸ்கேனில் என்ன கோட் வந்தது, அதைச் சொல்லுங்கள். பி0335 என்ற கோட் வந்தால்கூட கிராங்க் சென்சாரின் சர்க்யூட்டில் கோளாறு என்றுதான் அர்த்தம். சென்சாரா, வயரா, கனெக்டரா என்று மீட்டர் வைத்து அளக்க வேண்டும். கம்ப்யூட்டர் கடைசி. கியரில் வண்டி உருளும்போது சக்கரமே என்ஜினைச் சுற்றும். அப்போதும் முள் பூஜ்யத்தில் கிடந்தால் சிக்னல் வரவில்லை. பெட்ரோல் பம்ப் நின்றிருந்தால் முள் வண்டியின் வேகத்தோடு இறங்கும். 34 வருஷமாக இந்தக் கையால் பார்த்தது.

ஃபீனிக்ஸ்காரன்:
ஆட்டோமேட்டிக் வண்டியாக இருந்தால்? என்ஜின் அணைந்ததும் முள் எப்படியும் விழத்தானே செய்யும்? அண்ணன் அதை முதலில் கேட்டிருக்க வேண்டும். போன பொங்கலுக்கு என் அத்தான் வண்டிக்கும் இப்படித்தான் 'ஆல்டர்னேட்டர்' என்று அடித்துச் சொன்னீர்கள். கடைசியில் பாட்டரி முனையில் உப்புதான் பூத்திருந்தது.

பழைய ஸ்பேனர்:
அந்த வண்டியை நான் கண்ணால் பார்க்கவில்லை. நீ போனில் சொன்னதை வைத்துச் சொன்னேன். ஒரு வருஷமாக அதையே பிடித்துத் தொங்குகிறாயே தம்பி.

பைன்டவுன் தங்கை:
அண்ணா, முள்ளைப் பார்க்க எனக்கு எங்கே நேரம்? ஸ்டியரிங் கல்லாகிவிட்டது. இரண்டு மிதிக்குள் பிரேக்கும் கட்டையாகிவிட்டது. 2013 செப்டம்பரில் கட்டுப்பாடிழந்த லாரி மோதி 24 பேர் இறந்த இறக்கம் அது. பின்சீட்டில் என் பிள்ளைகள். வாரன்டி இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. கெட்ட பெட்ரோல் போட்டிருக்கிறேன் என்று சொல்லி மறுத்துவிட்டார்கள்.

ஃபீனிக்ஸ்காரன்:
அக்கா, பெட்ரோலைச் சோதித்த அறிக்கையை எழுத்தில் கேளுங்கள். கெட்ட பெட்ரோலால் கம்ப்யூட்டர் எப்படிப் போகும்? தராவிட்டால் மோட்டார் துறை ஒம்புட்ஸ்மனிடம் (வாடிக்கையாளர் புகாரை விசாரிப்பவர்) புகார் கொடுங்கள். வெளியே சர்வீஸ் செய்தாலே வாரன்டி போகும் என்பது பழைய கதை. அதைத் தடுக்கும் தென்னாப்பிரிக்கப் போட்டி ஆணையத்தின் வழிகாட்டு விதிகள் 2021 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கின்றன.

கடற்காற்று:
வழிகாட்டு விதி என்றால் சட்டமா? வெளியாள் கெடுத்ததற்குக் கம்பெனி பொறுப்பேற்காது, அதுவும் அதே விதியில்தான் இருக்கிறது.

பழைய ஸ்பேனர்:
சட்டம் வேண்டுமா? 2008ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தைப் படியுங்கள். கழற்றிய பழைய பாகத்தை வாடிக்கையாளரிடம் திருப்பித் தர வேண்டும். புதிதாகப் போட்ட பாகத்துக்கும் கூலிக்கும் 3 மாதப் பொறுப்பு உண்டு. உங்கள் பழைய கம்ப்யூட்டரைக் கேட்டு வாங்கினீர்களா? வாங்கியிருக்க மாட்டீர்கள். அதோடு சேர்த்து எந்த வயரை மாற்றினார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியாது.

கடற்காற்று:
என் வண்டி ஓடுகிறது. சாட்ஸ்வர்த் பட்டறை வாசலில் மாசக்கணக்கில் நிற்கும் வண்டிகளையும் நான் பார்த்திருக்கிறேன்.

பழைய ஸ்பேனர்:
என் பட்டறைக்கு நீங்கள் வந்ததே இல்லை. கண்டபடி பேசாதீர்கள். தங்கை, இவர்களை விடு. முள் விழுந்ததா, இறங்கியதா?

பைன்டவுன் தங்கை:
விழுந்த மாதிரிதான் ஞாபகம். வண்டி ஆட்டோமேட்டிக் அண்ணா.

ஃபீனிக்ஸ்காரன்:
நான்தான் சொன்னேனே.

பழைய ஸ்பேனர்:
என்ன சொன்னாய்? ஓட்ட வேகத்தில் கன்வர்ட்டர் (என்ஜினையும் கியரையும் எண்ணெய் வழியாக இணைக்கும் பாகம்) லாக் ஆகியிருந்தால் ஆட்டோமேட்டிக்கிலும் சக்கரம் கொஞ்ச நேரம் என்ஜினைச் சுற்றும். தங்கை, அணைந்தபோது வேகம் எவ்வளவு? முள் விழுந்தது வண்டி குலுங்குவதற்கு முன்னாலா, பின்னாலா?