உருண்டை எழுத்துருவில் 'கொக்கு' உடைகிறது, உதவி வேண்டும்

ரோஸ்ஹில் டீச்சர்:
வணக்கம். மொரீஷியஸில் கோயில் ஒன்றில் சனிக்கிழமை தமிழ் வகுப்பு எடுக்கிறேன். சின்னப் பிள்ளைகளுக்குப் படச் சார்ட் செய்கிறேன், மேலே தமிழ்ப் பெயர், கீழே பிரெஞ்சுப் பெயர். பிரெஞ்சுக்கு ஃபிரெடோகா என்ற எழுத்துரு போட்டேன், குண்டு குண்டாக அழகாக வந்தது. அதையே தமிழுக்குப் போட்டால் வெறும் கட்டம் கட்டமாக வருகிறது. சரி என்று பலூ தம்பி என்ற தமிழ் எழுத்துருவை இறக்கினேன். இப்போது 'கொக்கு' என்று ஒட்டினால் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய்க் காலோடு ஒட்டிக்கொள்கிறது, கடைசிக் 'கு'வில் க தனி, சுழி தனி. அதே வரி கைபேசியில் ஒழுங்காகத் தெரிகிறது. கணினியில் இல்லஸ்ட்ரேட்டர் என்ற வரைகலை மென்பொருளில் செய்கிறேன். எங்கள் ரூபாய் நோட்டிலேயே தமிழ் ஒழுங்காக நிற்கிறது, என் சார்ட்டில்தான் நிற்க மாட்டேன் என்கிறது!

டர்பன் டிசைனர்:
அக்கா, ஃபிரெடோகாவில் தமிழ் எழுத்தே கிடையாது, அதனால்தான் கட்டம். பலூ தம்பியில் தமிழ் இருக்கிறது, எழுத்துரு மேல் தப்பில்லை. கொம்பை முன்னால் கொண்டுவருவதும் 'கு'வை ஒரே எழுத்தாக்குவதும் மென்பொருள் செய்ய வேண்டிய வேலை, உங்களிடம் அந்த அமைப்பு அணைந்திருக்கிறது. பிரிஃபரன்சஸில் டைப் பக்கம் போய் 'ஷோ இண்டிக் ஆப்ஷன்ஸ்' டிக் பண்ணுங்கள். அதோடு முடியாது. வரியைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு பாராகிராஃப் பேனலின் மூலை மெனுவைத் திறந்து, பெயரில் 'சவுத் ஏசியன்' என்று வரும் கம்போசரை (எழுத்துகளை வரியில் அடுக்கும் அமைப்பு) போடுங்கள். அப்புறம் அச்சகத்துக்கு அனுப்பும் பிரதியில் மட்டும் 'கிரியேட் அவுட்லைன்ஸ்' கொடுத்து எழுத்தைப் படமாக்கிவிடுங்கள், இல்லையென்றால் அவர்கள் கணினியில் திரும்பவும் உடையலாம். திருத்துவதற்கு மூலக் கோப்பு தனியாக இருக்கட்டும், நான் ஒருமுறை அதை அழித்துவிட்டு ராத்திரி முழுக்க எல்லாவற்றையும் திரும்பத் தட்டச்சு செய்தேன்.

ரோஸ்ஹில் டீச்சர்:
கொக்கு நேராகிவிட்டது, நன்றி தம்பி (எழுத்துருவைச் சொல்லவில்லை, உங்களைத்தான்). ஆனால் இன்னொன்று. 'அண்ணன்' சார்ட்டை வீட்டுப் பிரிண்டரில் சிறியதாக எடுத்துப் பார்த்தேன். மூன்று சுழி ண, இரண்டு சுழி ன என்றுதான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஒரு குட்டிப் பெண் விரலை வைத்து எண்ணிப் பார்த்துவிட்டு, "மிஸ், இதில் சுழியே இல்லையே, மை கொட்டிவிட்டதா?" என்கிறாள். பார்த்தால் உண்மைதான், உள்ளே எல்லாம் அடைத்துக் கிடக்கிறது.

எழுத்துப் பைத்தியம்:
பழைய பலூ தம்பி ஒரே கனம்தான் டீச்சர், தடிமன். அதைப் பெரிய தலைப்புக்குத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். 'பலூ தம்பி 2' எடுங்கள், இலவசம்தான், 400-இலிருந்து 800 வரை ஐந்து கனம் இருக்கிறது, எண் குறைந்தால் கோடு மெலிதாகும். 500 போட்டால் மூலை உருண்டையாகவே இருக்கும், சுழிக்குள் வெள்ளை தெரியும். புள்ளியையும் பாருங்கள், மேல்வரியின் உகரச் சுழியில் போய் இடிக்கும், வரி இடைவெளியைக் கூட்டுங்கள். வாசிக்கும் கதை வரிகளுக்கு உருண்டை எதுவும் வேண்டாம், முக்த மலரோ நோட்டோ சான்ஸ் தமிழோ மாதிரி சாதாரண எழுத்துரு போதும். பெரியவர்களுக்குத்தான் 'குழந்தைத்தனமாக' இருக்க வேண்டும் என்ற ஆசை, பிள்ளைக்கு எழுத்து அடையாளம் தெரிந்தால் சரி.

ரோஸ்ஹில் டீச்சர்:
500 போட்டு அதே அளவில் எடுத்தேன். அந்தக் குட்டி மறுபடி விரல் வைத்தாள், ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு பக்கத்து ன-வுக்குப் போய், "இதற்கு ஒன்று குறைகிறது" என்றாள். பழைய சார்ட் பன்னிரண்டையும் இனித்தான் மாற்ற வேண்டும்.